வளர்ச்சியா, வழக்கமா?

1989இல் ஓசூர் சிப்காட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையின் பிளானிங் அறையில், ஒரு சுவர் முழுக்க கிராஃப் தாள் ஒட்டியிருக்கும். அதில் மூன்று கோடுகள். பென்சில் கோடு, அந்தந்த மாதம் லாரி ஏறிப் போன சரக்கு. நீலக் கோடு, ஏப்ரலிலிருந்து கூட்டிக்கொண்டே வந்த தொகை. சிவப்புக் கோடு, அந்த மாதத்தோடு முடியும் பன்னிரண்டு மாதங்களின் மொத்தம். மார்ச் முடிவில் நீலம் மேலேறிப் போய்ச் சிவப்பைத் தொடும். அப்போது மூன்றும் சேர்ந்து ஆங்கில இசட் எழுத்துப் போலத் தெரியும். அதற்கு இசட் சார்ட் என்றே பெயர். மாதம் பிறந்த முதல் வேலை நாளில் ஸ்டூல் மேல் ஏறி நின்று, ஸ்கேல் வைத்து அந்த மூன்று புள்ளிகளையும் வைப்பது என் வேலை.

நாங்கள் இரு சக்கர வண்டிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் அடித்துக் கொடுத்தோம். வண்டிக் கம்பெனி மாதாமாதம் ஷெட்யூல் அனுப்பும். நடப்பு மாதத்துக்கு உறுதியான எண்ணிக்கை, அடுத்த மாதங்களுக்கு உத்தேச எண்ணிக்கை. அந்த உத்தேசத்தை நம்பித் தகடு வாங்க வேண்டும், ஆள் சேர்க்க வேண்டும், தகடு அடிக்கும் அச்சுகளான டைகளை எப்போது கழற்றிச் சரிபார்ப்பது என்று தீர்மானிக்க வேண்டும். ஊரே இப்படித்தான் ஓடியது. 1970களில் சிப்காட் வந்தது. 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. அதே ஆண்டு அசோக் லேலண்ட் ஆலை, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைட்டன் கடிகாரம். பெரிய ஆலை ஒவ்வொன்றையும் சுற்றி எங்களைப் போன்ற சிறு ஆலைகள் முளைத்தன. ஷெட்யூல் என்ற ஒற்றைத் தாள்தான், அந்த மாதம் எத்தனை வீடுகளுக்கு ஓ.டி. பணம் போகும் என்பதை முடிவு செய்தது.

எங்கள் மேனேஜர் ஆனேக்கல்காரர். தினமும் அத்திப்பள்ளி தாண்டி பஸ்ஸில் வருவார். வீட்டில் கன்னடம், ஷாப்பில் தமிழ். சுவரில் புதுப் புள்ளி விழுந்ததும் கையைக் கட்டிக்கொண்டு எதிரில் வந்து நிற்பார்.

"ஏம்பா, இது வளர்ச்சியா, வழக்கமா?"

ஒவ்வொரு மாதமும் இதே கேள்விதான். முப்பது வருஷத் தொழிலில் நான் கற்றது எல்லாமே இந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் கற்றதுதான்.

செப்டம்பரில் சரக்கு கூடினால் அது நிஜமாகவே வியாபாரம் பெருகியதாக இருக்கலாம். செப்டம்பர் என்றால் கூடத்தான் செய்யும் என்ற வழக்கமாகவும் இருக்கலாம். வழக்கத்தை வளர்ச்சி என்று நம்பினால் வேண்டாத மெஷின் வாங்குவோம், வைத்துக்கொள்ள முடியாத ஆட்களைச் சேர்ப்போம். வளர்ச்சியை வழக்கம் என்று விட்டால் ஆர்டர் பக்கத்து ஆலைக்குப் போய்விடும். எண்களை ரிஜிஸ்டரில் வரிசையாக எழுதிப் பார்த்தால் இரண்டும் பின்னிக் கிடக்கும். படமாகப் போட்டால்தான் பிரியும். காலத்தைக் கிடைக்கோட்டிலும் தொகையைச் செங்குத்திலும் வைத்து வணிகக் கணக்கைக் கோடாக வரையும் வழக்கத்தை வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1786இல் ஒரு புத்தகமாகவே போட்டார். அன்றிலிருந்து உலகம் வரைந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஒரே விதமாக வரைந்தால் ஒரே பதில்தான் கிடைக்கும். அதே எண்களை நாலு விதமாகப் போட்டுப் பார்ப்பதுதான் இந்தத் தொழில்.

மேனேஜர் முதலில் கற்றுக்கொடுத்தது, புள்ளி வைப்பதற்கு முன் வகுக்க வேண்டும் என்பது. ஜனவரிக்கு 31 நாள், பிப்ரவரிக்கு 28. ஒரு வேலையும் குறையாமலேயே பிப்ரவரிக் கோடு பத்து சதவீதம் இறங்கிவிடும். ஜனவரியில் பொங்கல் விடுமுறை, புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ ஆயுத பூஜை, மாதத்துக்கு நாலு ஞாயிறா ஐந்து ஞாயிறா என்ற கணக்கு வேறு. மொத்தத்தை வேலை நாளால் வகுத்து, ஒரு நாளைக்கு எத்தனை என்று போட்டால் பாதிப் பள்ளங்கள் தாமாகத் தூர்ந்துவிடும். மிச்சம் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தினசரிக் கணக்கைப் போட்டபோது இன்னொன்று தெரிந்தது. எங்கள் சரக்கில் பெரும்பகுதி மாதத்தின் கடைசி நாலைந்து நாளில்தான் போனது. விற்பனைக் கணக்கை மாதம் முடிவதற்குள் காட்ட வேண்டும் என்ற அவசரம். 31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் கடைசி லாரி அடுத்த மாதக் கணக்கில் ஏறும். மாதக் கோட்டில் ஒரு பள்ளமும் பக்கத்தில் ஒரு மேடும் தெரிந்தால், காரணம் சந்தையில் இல்லை, கேட்டில் நின்ற ஒரு லாரியில் இருக்கிறது.

அடுத்தது டிரேசிங் தாள். டிராயிங் பிரிவில் கேட்டு வாங்கி வருவோம். ஒரு வருஷத்துக்கு ஒரு தாள். கீழே பன்னிரண்டு மாதங்கள், மேலே அந்த வருஷத்தின் கோடு. இப்படி ஐந்தாறு வருஷத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கிழக்குப் பக்க ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுவோம். காலை வெயில் பின்னாலிருந்து வரும். எல்லா வருஷமும் ஒரே இடத்தில் உயர்ந்தால் கோடுகள் அங்கே தடித்துத் தெரியும். அதுதான் வழக்கம். கோடுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் படிக்கட்டு மாதிரி விலகி நின்றால், அந்த விலகல்தான் வளர்ச்சி. ஆடி மாதத்தில் வண்டி எடுக்க மாட்டார்கள், டிசம்பரில் "ஜனவரியில் எடுத்தால் புது வருஷ வண்டி ஆயிற்றே" என்று காத்திருப்பார்கள் என்பதையெல்லாம் நான் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. ஜன்னல் வெயிலில்தான் பார்த்தேன்.

மூன்றாவது, மாதப் பெட்டி. ஒரு தாளைப் பன்னிரண்டு கட்டமாகப் பிரித்து, ஜனவரிக் கட்டத்தில் எல்லா வருஷத்து ஜனவரியையும் வரிசையாக வைப்பது, பிப்ரவரிக் கட்டத்தில் எல்லா பிப்ரவரியையும். கட்டத்துக்கு நடுவில் சராசரிக்கு ஒரு கோடு. இதை அமெரிக்காவில் வில்லியம் கிளீவ்லாந்தும் உடன் வேலை செய்தவர்களும் 1970களின் இறுதியில் எழுதி வைத்திருக்கிறார்கள், சைக்கிள் பிளாட் என்று பெயர் என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. இதன் அருமை, வழக்கமே மாறுவதைக் காட்டிக்கொடுப்பது. எங்கள் மார்ச் கட்டம் வருஷா வருஷம் மேலே ஏறியது. டிசம்பர் கட்டம் அப்படியே சப்பையாகக் கிடந்தது. அப்படியென்றால் வளர்ச்சி வருஷம் முழுக்கப் பரவவில்லை, சில மாதங்களில் மட்டும் குவிகிறது. வருஷ மொத்தத்தைப் பார்த்து ஆள் எடுத்தால் டிசம்பரில் அவர்களுக்கு வேலை இருக்காது.

இவ்வளவும் கற்றவன்தான் 1995இல் தவறினேன்.

அந்த வருஷம் செப்டம்பர் கணக்கு முடிந்ததும் ஸ்டூல் மேல் ஏறிப் புள்ளி வைத்தேன். சிவப்புக் கோடு சட்டென்று நிமிர்ந்தது. 1991க்குப் பிறகு சந்தை திறந்து, ஊரில் எல்லாக் கோடும் ஏறிக்கொண்டிருந்த காலம். மேனேஜர் மகள் கல்யாணத்துக்காக லீவில் இருந்தார். முதலாளி கூப்பிட்டுக் கேட்டார். சிவப்புக் கோட்டில் பருவம் கழிந்துவிடும், பன்னிரண்டு மாதமும் அதற்குள் அடக்கம், ஆகவே இது வளர்ச்சிதான் என்று சொன்னேன். ஜன்னல் தாளும் அதையே சொன்னது: 1995 செப்டம்பர், 1994 செப்டம்பரைவிட வெகு உயரத்தில் நின்றது. அக்டோபர் முதல் வாரத்தில் இரண்டாவது ஷிப்டுக்குக் காண்டிராக்ட் ஆட்களை எடுத்தோம்.

அக்டோபர் 23 தீபாவளி. மறுநாள் காலை சூரிய கிரகணம். கிரகணம் விட்டு வேலைக்குப் போன வாரத்தில் வந்த ஷெட்யூல், போட்டிருந்த லைனுக்கே போதவில்லை. நவம்பர் நடுவில் இரண்டாவது ஷிப்டை நிறுத்தினோம். அன்று மாலை கேட்டில் நான் நின்றேன். நான் சொல்லித்தான் எடுத்தார்கள், அதனால் நான்தான் நிற்க வேண்டும் என்று தோன்றியது. ராயக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன், தக்காளி மண்டியில் லோடு ஏற்றும் வேலையை விட்டுவிட்டு வந்தவன், டிபன் கேரியரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"சார், பொங்கலுக்கு அப்புறம் கூப்பிடுவீங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவன் சுவரில் கோடு போடக் கூடாது என்று அன்று இரவு தோன்றியது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மேனேஜர் திரும்பி வந்தார். திட்டவில்லை. வாராந்திர டிஸ்பாட்ச் ரிஜிஸ்டரை எடுத்து வரச் சொன்னார். 1994க்கு ஒரு டிரேசிங் தாள், 1995க்கு ஒன்று, மாதத்துக்குப் பதில் வாரக் கணக்கில் என்னையே வரையச் சொன்னார். இரண்டையும் ஜன்னலில் வைத்தார். 1994இன் உச்சம் வலப்பக்கம், 1995இன் உச்சம் இடப்பக்கம்.

"போன வருஷம் தீபாவளி எப்ப?"

"நவம்பர் முதல் வாரம், சார்."

"இந்த வருஷம்?"

நான் வாய் திறப்பதற்குள் 1994 தாளை விரலால் மெல்ல இடப்பக்கம் நகர்த்தினார். ஒரு வாரம் நகர்ந்தது. இன்னும் அரை வாரம். கோடு மேல் கோடு வந்து உட்கார்ந்தது. ஏற்றம் ஏற்றத்தின் மேல், இறக்கம் இறக்கத்தின் மேல். இரண்டு உச்சிகளுக்கும் நடுவில் ஒரு விரல் நகம் அளவுக்கு இடைவெளி.

"இந்த நகம்தாம்பா வளர்ச்சி. மத்தது தீபாவளி."

சிவப்புக் கோடு எப்படி ஏமாற்றியது என்பதை அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பண்டிகை விற்பனைக்கு டீலர் முன்கூட்டியே வண்டி நிரப்புவார். அவருக்கு அனுப்ப வண்டிக் கம்பெனி அதற்கும் முன்னால் ஓட்டும். அந்த வண்டிக்குப் பாகம் கொடுக்கும் நாங்கள் அதற்கும் முன்னால். ஆகவே நவம்பர் முதல் வாரத் தீபாவளியின் அலை எங்களை அக்டோபர் முதல் பாதியில் தொட்டது. அக்டோபர் 23 தீபாவளியின் அலை செப்டம்பரிலேயே கடந்துவிட்டது. 1994 அக்டோபரில் தொடங்கி 1995 செப்டம்பரில் முடிந்த அந்தப் பன்னிரண்டு மாதங்களுக்குள் இரண்டு தீபாவளி இருந்தது. மாதங்களை எண்ணிய நான் தீபாவளிகளை எண்ணவில்லை.

சந்திரனைக் கொண்டு கணிக்கும் பண்டிகைகள் ஆண்டுக்குச் சுமார் பதினோரு நாள் முன்னால் நகரும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதிக மாதம் வந்து பின்னுக்கு இழுக்கும். தீபாவளி 2017இல் அக்டோபர் 18, 2018இல் நவம்பர் 6, 2020இல் நவம்பர் 14, 2022இல் அக்டோபர் 24, 2023இல் நவம்பர் 12. இப்படி ஆடும் ஒன்றை ஆடாத அக்டோபர் என்ற பெட்டிக்குள் அடைத்து, "அக்டோபர் விற்பனை கூடியது, குறைந்தது" என்று பேசுவதில் பொருளில்லை. அன்றிலிருந்து எங்கள் வாரத் தாளில் தேதி போடுவதை விட்டோம். தீபாவளி வாரம் பூஜ்யம். அதற்கு முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று, பின்னால் ஒன்று, இரண்டு. அந்தத் தாளில் எந்த வருஷத்தையும் எந்த வருஷத்தோடும் நேருக்கு நேர் வைக்கலாம்.

கர்நாடக எல்லையில் வேலை செய்தால் இந்தப் பாடம் இரட்டிப்பாக வரும். ஓசூரில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசுவார்கள். ஒரே தெருவில் இரண்டு நாட்காட்டி ஓடும். நம் ஆடி சூரியக் கணக்கு. ஜூலை 17 வாக்கில் பிறந்து ஆகஸ்ட் 16 வாக்கில் முடியும், ஆண்டுக்கு ஆண்டு நகராது. கர்நாடகத்து ஆஷாட மாதம் சந்திரக் கணக்கு, நகரும். இரண்டு பக்கமும் அந்த மாதத்தில் சுபகாரியம் வைக்க மாட்டார்கள், வண்டி எடுக்கவும் யோசிப்பார்கள். 2023இல் ஜூலை 17 அன்று அங்கே ஆஷாடம் முடிந்தது, இங்கே அதே நாளில் ஆடி பிறந்தது. ஆடியில் இரண்டு அமாவாசை வந்த வருஷம் அது. 2024இல் ஜூலை முதல் வாரத்தில் தொடங்கிய ஆஷாடத்தின் பெரும்பகுதி ஆடிக்குள் விழுந்தது. முதல் வருஷம் எல்லைச் சந்தையின் பள்ளம் நீளமாக ஆழம் குறைந்து தெரியும், அடுத்த வருஷம் குறுகி ஆழமாகத் தெரியும். எண்களை மட்டும் பார்ப்பவர் வியாபாரம் மாறிவிட்டது என்பார். பஞ்சாங்கம் பார்ப்பவருக்குச் சந்திரன் நகர்ந்தது புரியும்.

யுகாதிக் கணக்கு இதைவிட முக்கியம். 2022இல் யுகாதி ஏப்ரல் 2. 2023இல் மார்ச் 22. 2024இல் ஏப்ரல் 9. 2025இல் மார்ச் 30. நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. இந்தத் தேதிகளை அதில் பொருத்திப் பாருங்கள்: 2022–23 நிதியாண்டில் இரண்டு யுகாதி, 2023–24இல் ஒன்றுகூட இல்லை, 2024–25இல் மறுபடி இரண்டு. பெங்களூருக்கும் ஆந்திரத்துக்கும் சரக்கு அனுப்பும் ஒருவர் நிதியாண்டு மொத்தத்தை மட்டும் பார்த்தால், நடு வருஷம் தளர்ந்ததாகவும் அடுத்த வருஷம் மீண்டதாகவும் ஒரு கதை கிடைக்கும். நான் 1995இல் சொன்ன அதே கதை.

வளர்ச்சியைப் பார்ப்பதற்கு மேனேஜர் வேறொரு தாள் வைத்திருந்தார். பெங்களூர் அவென்யூ ரோட்டில் வாங்கி வந்த செமி-லாக் தாள். செங்குத்துப் பக்கத்தில் கட்டங்கள் மேலே போகப் போக நெருங்கும். அதில் 100 என்பது 120 ஆவதும், 1,000 என்பது 1,200 ஆவதும் ஒரே உயரம், ஏனென்றால் இரண்டும் இருபது சதவீதம். எங்களிடம் ஒரு பழைய பாகம் பெரிய எண்ணிக்கையில் ஓடியது, ஒரு புதுப் பாகம் சின்ன எண்ணிக்கையில். சாதாரணத் தாளில் பழையது மலை, புதியது தரையோடு ஊரும் எறும்பு. லாக் தாளில் போட்டதும் பழைய பாகத்தின் கோடு கிட்டத்தட்டப் படுத்துவிட்டது, புதியது செங்குத்தாக ஏறியது. எந்த டைக்குப் பணம் போட வேண்டும் என்ற வாக்குவாதம் அந்தத் தாளோடு முடிந்தது.

பருவத்தின் குணத்தையும் லாக் தாள் காட்டும். புள்ளியியல் படித்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருக்கும் விமானப் பயணிகள் கணக்கு ஒன்று உண்டு. 1949 முதல் 1960 வரை மாதவாரியாக, ஆயிரங்களில். பாக்ஸ், ஜென்கின்ஸ் இருவரும் 1970இல் எழுதிய புத்தகத்தால் அது பிரபலமானது. 1949இல் உச்ச மாதத்துக்கு 148, தாழ்ந்த மாதத்துக்கு 104. வித்தியாசம் 44. 1960இல் உச்சம் 622, தாழ்வு 390. வித்தியாசம் 232. சாதாரணத் தாளில் அலை ஐந்து மடங்கு பெருத்துவிட்டதாகத் தெரியும். ஆனால் உச்சத்தைத் தாழ்வால் வகுத்தால் முதல் வருஷம் சுமார் 1.4, கடைசி வருஷம் சுமார் 1.6. ஜனங்களின் பழக்கம் கொஞ்சம்தான் மாறியிருக்கிறது, கூட்டம்தான் பெருகியிருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாவிட்டால், வளரும் ஆலை ஒன்று "சந்தை நிலையில்லாமல் ஆடுகிறது" என்று பயந்துவிடும்.

கம்ப்யூட்டர் வந்து, ஸ்டூலும் டிரேசிங் தாளும் போயின. எக்செலில் நிமிடத்தில் கோடு வரும். வேகம் நல்லதுதான், ஆனால் தாளின் அளவை நாம் தீர்மானிக்காவிட்டால் மெஷின் தீர்மானித்துவிடும். ஐந்து வருஷக் கணக்கைக் குறுகலாக நெருக்கிப் போட்டால் ஒவ்வொரு மாதமும் மலையும் மடுவுமாகப் பயமுறுத்தும். அகலமாக இழுத்தால் எல்லாம் சமவெளி. கோட்டின் ஏற்ற இறக்கங்கள் சுமாராக 45 டிகிரி சாய்வில் விழும்படி தாளின் அகலத்தை வைத்தால் கண் சரியாக ஒப்பிடும் என்று அதே கிளீவ்லாந்து சொன்னார். பருவத்தைப் பார்க்கத் தாளை நீளமாக இழுக்க வேண்டும், வளர்ச்சியைப் பார்க்க நெருக்க வேண்டும். ஒரே படத்தில் இரண்டையும் கேட்டால் ஒன்று ஏமாற்றும்.

கடைசி வருஷங்களில் எங்கள் பிரிவுக்கு வந்த இளம்பெண் ஒருத்தி வருஷங்களை வரிசையாகவும் மாதங்களைப் பத்தியாகவும் வைத்து, எண்ணுக்குப் பதில் நிறம் போடுவாள். குறைவுக்கு வெளிர் மஞ்சள், கூடக் கூடச் செம்மண் நிறம். அந்தக் கட்டத்தில் பத்திகள் மேலிருந்து கீழே ஒரே நிறமாகத் தெரிந்தால் அது வழக்கம். கீழ் வரிசைகள் மொத்தமாகச் சிவந்தால் வளர்ச்சி. எதிலும் சேராமல் ஒரே ஒரு கட்டம் துருத்தினால், அன்று என்ன நடந்தது என்று போய்க் கேட்க வேண்டும். 2017 மார்ச் அப்படி ஒரு கட்டம். பழைய மாசு விதிப்படி செய்த பிஎஸ்-3 வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், இருந்த வண்டிகளையெல்லாம் இரண்டு நாளில் தள்ளுபடியில் தள்ளினார்கள். ஷோரூம் விற்பனைக் கணக்கைப் படம் போட்டால் அங்கே ஒரு கோபுரம் நிற்கும். அது பருவமும் இல்லை, வளர்ச்சியும் இல்லை. அதோடு ஒப்பிட்டால் 2018 மார்ச் பாவம், ஒரு குற்றமும் செய்யாமல் தாழ்ந்து நிற்கும். 2020 ஏப்ரல் கட்டத்தை அவள் நிறமே போடாமல் விட்டாள். மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கியிருந்தது. அடுத்த ஏப்ரலை அதோடு வகுத்து வளர்ச்சி விகிதம் கேட்டவர்களுக்கு, 2019 ஏப்ரலோடு பாருங்கள் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தோம்.

நான் ஓய்வுபெற்ற பிறகும் இந்தக் கேள்வி விடவில்லை. பாகலூர் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா வளர்க்கும் தம்பதி ஒரு நாள் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று வருஷமாக வருமானம் ஏறுகிறது, வங்கியில் கடன் தருகிறோம் என்கிறார்கள், இன்னும் அரை ஏக்கர் குடில் போடலாமா என்று கேட்டார்கள். அந்த அம்மா நாளுக்கு எத்தனை கட்டு வெட்டினோம் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார். கட்டுக்கு இருபது பூ. வெட்டின தேதி, ரகம், கட்டு, விலை. அதில் பாதிக்கு மேல் தாஜ்மகால், காதலர் தினச் சிவப்பு.

மாதக் கணக்கில் போட்டபோது ஜனவரியும் பிப்ரவரியும் நடுத்தரமாகவே தெரிந்தன. அவர்களுக்கே ஆச்சரியம். வாரக் கணக்கில் போட்டதும்தான் உருவம் வந்தது. பிப்ரவரி 14க்குப் பூ வேண்டுமானால் டிசம்பரில் கவாத்து செய்ய வேண்டும், ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். வெட்டு ஜனவரி கடைசி வாரத்தில் தொடங்கி, பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் முடிந்துவிடும். மாதக் கோடு அந்த ஒற்றை மலையை நடுவில் அறுத்து, ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டிருந்தது. அதோடு கவாத்துக்காகப் பூ நின்றுபோன ஜனவரியின் முதல் வாரங்களும், வெட்டு முடிந்து செடி களைத்துப்போன பிப்ரவரியின் கடைசி வாரங்களும் கலந்துவிட்டன.

மூன்று வருஷத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். மலை வருஷா வருஷம் உயர்ந்திருந்தது. அந்த மலைமீது என் உள்ளங்கையை வைத்து மூடினேன்.

"இப்ப மீதியைப் பாருங்க."

முகூர்த்த மாதங்களில் சின்னச் சின்ன மேடு. மார்கழியில் பள்ளம். ஆடியில் பள்ளம், பெங்களூர்ச் சந்தைக்குப் போனதால் அதற்கு முன்னாலேயே ஆஷாடச் சரிவு. மூன்று கோடும் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்று. வளர்ந்ததெல்லாம் என் கைக்கு அடியில் இருந்தது. மூன்று வாரம்.

அந்தத் தம்பி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கடன் பன்னெண்டு மாசமும் கட்டணும் சார்" என்றார். அவர் மனைவி நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஆவணி வாரங்களில் விரலை வைத்தார். அங்கே மட்டும் மூன்று கோடும் மெல்லிய படிக்கட்டாக விலகியிருந்தன. கல்யாண மேடை அலங்காரக்காரர்கள் நேரடியாக வந்து எடுக்க ஆரம்பித்திருந்தார்களாம். அதை நான் கவனித்திருக்கவில்லை. புதுக் குடில் இப்போது வேண்டாம், இருக்கிற குடிலில் கொஞ்சம் இடத்தை மேடைக்காரர்கள் கேட்கும் வெள்ளைக்கும் இளஞ்சிவப்புக்கும் மாற்றி, இரண்டு வருஷம் அந்தப் படிக்கட்டு தொடர்கிறதா என்று பார்ப்போம் என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

கிளம்பும் முன் அடுத்த வருஷத்துக்கு ஒரு வெற்றுத் தாள் தயார் செய்து கொடுத்தேன். ஐம்பத்திரண்டு வாரம். எந்த எண்ணும் விழுவதற்கு முன்னால், பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பென்சிலால் குறிகள் போட்டேன். பொங்கல், யுகாதி, ஆஷாடம், ஆடி, விநாயகர் சதுர்த்தி, மகாளய அமாவாசை, ஆயுத பூஜை, தீபாவளி, மார்கழி. அந்த அம்மா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

"அண்ணா, தேர் எங்க போட்டீங்க?"

ஓசூர் மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரருக்கு மார்ச் வாக்கில் தேர்த் திருவிழா. தேதி வருஷத்துக்கு வருஷம் நகரும். அந்த நாட்களில் வெட்ட ஆள் வராது என்றார். முப்பது வருஷம் இந்த ஊரில் கோடு போட்டிருக்கிறேன், ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேரைப் பார்த்திருக்கிறேன். பென்சிலை அவரிடம் கொடுத்தேன். அவர் வாரத்தை எண்ணிப் பார்த்து, "தேர்" என்று எழுதினார்.